கட்டணமும் கையெழுத்தும்: போலந்துச் சிறாருக்கு வழி தந்த ஜாம் சாகிப்



பூந்தமல்லியைச் சுற்றிலும் சாவடிகள் அதிகம். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று பேருந்து நடத்துநர் சொல்லிக்கொண்டே வருவார். ஆவடியிலிருந்து வரும் சாலை வந்து சேரும் கரையான்சாவடி சந்திப்பில் இன்று நின்று பார்த்தால், மெட்ரோ தூண்களும் ஷேர் ஆட்டோக்களும் பழக்கடைகளும்தான் கண்ணில் படும். சாவடி எதையும் காண முடியாது. ஆனால் பெயர் நிற்கிறது. சாவடி என்பது வழிப்போக்கர் இரவில் தலைசாய்க்க ஊரார் அமைத்த இடம். நடந்து வந்தவன் யார், எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்பதற்கு முன்பே அங்கே கூரை இருந்தது. அந்தக் கூரைக்கு யாரோ ஒருவர் செலவு செய்திருந்தார்.

இதே சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி, காவற்சாவடி. இங்கே வழிப்போக்கன் இளைப்பாறுவதில்லை, நிறுத்தப்படுகிறான். தாளைக் காட்டு என்று கேட்கப்படுகிறான். இந்த இரண்டாம் பொருளையும் நமது பகுதி அறியும். இலங்கையிலிருந்து உயிர்தப்பி வந்த தமிழர்களில் சந்தேகத்திற்கு உள்ளானவர்கள், உரிய தாள்கள் இல்லாதவர்கள் அடைத்து வைக்கப்பட்ட சிறப்பு முகாம்களில் ஒன்று பல ஆண்டுகள் பூந்தமல்லியில் இயங்கியது. வேலூரிலும் செங்கல்பட்டிலும் அத்தகைய முகாம்கள் இருந்தன. சாவடிகளின் ஊரில், வழி தேடி வந்தவர்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் காத்திருந்தனர்.

ஆண்டுதோறும் திருஅவை குடிபெயர்ந்தோர் மற்றும் அகதிகளுக்கான நாளைக் கடைப்பிடிக்கும்போது நம் ஆலயங்களில் அவர்களுக்காக மன்றாடுகிறோம். சில பங்குகளில் சிறப்புக் காணிக்கையும் எடுக்கிறோம். அந்தக் காணிக்கை எதற்குச் செலவாக வேண்டும் என்று நாம் அதிகம் பேசுவதில்லை. உணவு, உடை, போர்வை என்பதோடு எண்ணம் நின்றுவிடுகிறது. துன்புறுத்தப்படும் ஒருவர் பாதுகாப்பாகவும் சட்டப்படியும் வந்து சேர்வதற்கான பயணச் செலவை யார் ஏற்பது, வந்தபின் அவரைத் திருப்பி அனுப்ப முடியாதபடி காக்கும் தாளில் யார் கையெழுத்திடுவது என்ற இரண்டு கேள்விகளும் நம் மன்றாட்டுகளில் இடம்பெறுவதில்லை. இவ்விரண்டிற்கும் விடையாக வாழ்ந்த ஒருவரை இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர் கத்தோலிக்கர் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். குஜராத்தின் கடலோரத்தில் நவாநகர் என்ற சமஸ்தானத்தை ஆண்ட இந்து மன்னர். பெயர் திக்விஜய்சிங்ஜி. மக்கள் அவரை ஜாம் சாகிப் என்று அழைத்தனர். நவாநகர் அரசர்கள் எல்லாருக்கும் உரிய பட்டம் அது.

1895ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், கத்தியவார் பகுதியிலுள்ள சரோதர் என்ற ஊரில் பிறந்தார் திக்விஜய்சிங்ஜி. பிறக்கும்போது அவர் அரச வாரிசு அல்லர். அவருடைய தந்தையின் உடன்பிறந்தவர்தான் உலகப் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி. இன்றும் ரஞ்சிக் கோப்பை என்று நம் பிள்ளைகள் சொல்வது அவருடைய பெயரைத்தான்.

இந்தக் குடும்பத்தில் தத்து என்பது வெறும் சடங்கு அன்று. ரஞ்சித்சிங்ஜி சிறுவனாக இருந்தபோது, நவாநகரை ஆண்ட ஜாம் விபாஜி அவரைத் தம் வாரிசாக ஏற்றார். பின்னர் அரசருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ரஞ்சி ஒதுக்கப்பட்டார். ஏற்கப்பட்ட பிள்ளை ஒரே ஆணையில் யாரும் அல்லாதவர் ஆனார். இங்கிலாந்தின் மைதானங்களில் கூட்டம் அவரைக் கொண்டாடிய ஆண்டுகளிலும் அந்த உரிமைக்காக அவர் மனு எழுதிக்கொண்டுதான் இருந்தார். 1907இல்தான் அரியணை அவருக்குக் கிடைத்தது. அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. தம் உடன்பிறந்தவரின் மகன் திக்விஜய்சிங்ஜியைத் தத்தெடுத்து வாரிசாக்கினார். ஒரு தாளில் இடப்படும் கையெழுத்து ஒரு பிள்ளைக்கு வீட்டைக் கொடுக்கவும் முடியும், பறிக்கவும் முடியும் என்பதை அந்த அரண்மனை கதையாக அல்ல, அனுபவமாக அறிந்திருந்தது. பிற்காலத்தில் நடந்த ஒன்றைப் புரிந்துகொள்ள இது உதவும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

இளமைப் பருவத்தை விரைவாகக் கடந்து செல்வோம். ராஜ்கோட்டில் அரச குடும்பத்தாருக்கான ராஜ்குமார் கல்லூரி, பின் இங்கிலாந்தின் மால்வர்ன் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி. 1919இல் இராணுவ அதிகாரியாகச் சேர்ந்து 1931இல் கேப்டனாக ஓய்வு பெற்றார். 1933 ஏப்ரலில் ரஞ்சித்சிங்ஜி மறைந்ததும் அரியணை ஏறினார். கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் ஓராண்டு இருந்தார். இந்தியச் சமஸ்தான மன்னர்களின் மன்றத்திற்குத் தலைமை ஏற்றார். 1942இல் இலண்டன் போர்க்கால அமைச்சரவையில் இந்தியாவின் சார்பில் அமர இருவர் தெரிவு செய்யப்பட்டனர். ஒருவர் நம் ஆர்க்காடு இராமசாமி முதலியார். மற்றவர் இந்த ஜாம் சாகிப். விடுதலைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஆங்கில அரசின் நம்பிக்கைக்கு உரியவராகவே இருந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

போலந்துக்கும் நவாநகருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். முதல் உலகப் போருக்குப் பின் தோன்றிய சர்வதேச சங்கத்தில் இந்தியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராக ரஞ்சித்சிங்ஜி ஜெனீவா சென்று வந்தார். அங்கே இக்னசி பாதெரெவ்ஸ்கியுடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. பாதெரெவ்ஸ்கி உலகம் போற்றிய பியானோ கலைஞர், விடுதலை பெற்ற போலந்தின் பிரதமராகவும் இருந்தவர். திக்விஜய்சிங்ஜியும் அவரைச் சந்தித்திருந்தார். ஒரு மனிதருடன் ஏற்பட்ட பழக்கம் ஒரு நாட்டின் மீதான மதிப்பாக வளர்ந்தது.

1939 செப்டம்பரில் போலந்தின் மேற்குப் பகுதியை ஜெர்மனியும், கிழக்குப் பகுதியைச் சோவியத் ஒன்றியமும் பிடித்துக்கொண்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கிழக்குப் போலந்திலிருந்து இலட்சக்கணக்கானோர் சரக்கு இரயில்களில் ஏற்றப்பட்டு சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் குடும்பத்தினர். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின் மீதே படையெடுத்ததால் நிலைமை மாறியது. ஜூலை 30ஆம் நாள் இலண்டனில் இருந்த போலந்து அரசும் சோவியத் அரசும் ஓர் உடன்படிக்கை செய்தன. போலந்துக் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். மக்கள் தெற்கு நோக்கி, குளிர் குறைந்த மத்திய ஆசியாவுக்கு, நடந்தும் இரயிலிலும் நகர்ந்தனர். பசியும் டைபஸ் காய்ச்சலும் வழியெல்லாம் உயிர் குடித்தன. தாய் தந்தையை இழந்த பிள்ளைகள் அஷ்காபாத் போன்ற இடங்களில் அவசரமாகத் திறக்கப்பட்ட விடுதிகளில் சேர்க்கப்பட்டனர். சில தாய்மார், தம்மிடம் இருந்தால் பிள்ளை பிழைக்காது என்று தெரிந்து, அநாதை என்று சொல்லியே பிள்ளையை ஒப்படைத்த நிகழ்வுகளும் உண்டு.

இந்தப் பிள்ளைகளை வெளியே கொண்டுவர வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே, யார் செலவில், எத்தனை நாளுக்கு என்று கேட்டபோதுதான் அரசுகள் தயங்கின. போர்க்காலம், உணவுத் தட்டுப்பாடு, இடமில்லை, பின்னர் இவர்கள் திரும்பிப் போகாவிட்டால் என்ன செய்வது என்று கோப்புகள் மேசைக்கு மேசை நகர்ந்தன. இன்றைய செய்திகளைப் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல.

ஜாம் சாகிப் இவற்றுக்கு நேரான விடை தந்தார். தம் தலைநகரான ஜாம்நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் பாலாச்சடி என்ற கடலோர ஊரில் அவருடைய கோடைக்கால மாளிகை இருந்தது. அதன் அருகிலேயே பிள்ளைகளுக்கு இடம் தருவதாக அறிவித்தார். அடுத்ததாக, மன்னர்கள் மன்றத்தில் தமக்கிருந்த செல்வாக்கைப் பயன்படுத்தி மற்ற சமஸ்தானங்களையும் செலவில் பங்கேற்கச் செய்தார். போலந்துச் சிறார் நிதி என்ற ஒன்று தொடங்கப்பட்டது. அதை நிர்வகித்த குழுவில் அகதிகளுக்குப் பொறுப்பான அரசு அதிகாரியோடு டெல்லி, சிம்லா பேராயரும், இயேசு மரியா சபையின் மாநிலத் தலைவியும் இருந்தனர். மன்னர்களும் டாடா நிறுவனத்தாரும் பொதுமக்களும் பணம் கொடுத்தனர். 1942 முதல் 1948 வரை இந்தியர்களிடமிருந்து திரண்ட தொகை சுமார் 6 இலட்சம் ரூபாய் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அன்றைய ரூபாயின் மதிப்பில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இலண்டனில் இருந்த போலந்து அரசும் பராமரிப்புச் செலவில் பங்கேற்றது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இணையத்தில் பரவும் ஒரு கதையை நீங்களும் படித்திருக்கலாம். போலந்து அநாதைகளை ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகம் துறைமுகமாக விரட்டப்பட்டு, பம்பாயிலும் மறுக்கப்பட்டு, கடைசியில் ஜாம் சாகிப் தம் துறைமுகத்தில் இறக்கிக்கொண்டார் என்ற கதை அது. கேட்பதற்கு உருக்கமாக இருக்கிறது. ஆனால் ஆவணங்கள் காட்டும் முதல் பயணம் வேறு. பம்பாயிலிருந்த போலந்துத் தூதரகத்தாரும் போலந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தினரும் நிவாரணப் பொருள்களுடன் லாரிகளை அஷ்காபாத் நோக்கி அனுப்பினர். திரும்பும் வழியில் அந்த லாரிகளில் பிள்ளைகள் ஏற்றப்பட்டனர். ஈரானின் மஷாத், சாகிதான் வழியாக, மலைச் சாலைகளையும் பாலைவனத்தையும் கடந்து குவெட்டா, அங்கிருந்து இரயிலில் இந்தியா. புகழ்பெற்ற போலந்துப் பாடகி ஹான்கா ஓர்தோனூவ்னா, தாமே சிறைப்பட்டு நோயுற்றிருந்தவர், பிள்ளைகளுடன் அந்த வழியில் வந்தார். 1942இன் முற்பகுதியில் புறப்பட்ட முதல் குழு பம்பாயின் பாந்த்ரா பகுதியில் சில மாதம் தங்கி உடல் தேறியபின், ஜூலையில் பாலாச்சடி முகாமுக்கு வந்து சேர்ந்தது.

எங்களுக்கு இந்த லாரிக் கதைதான் பெரிதாகத் தோன்றுகிறது. விரட்டப்பட்ட கப்பலுக்கு ஒரு நல்ல மனம் போதும். லாரிக்கு எரிபொருள் வேண்டும், டயர் வேண்டும், போர்க்காலத்தில் அவற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். எல்லைகளில் காட்டத் தாள் வேண்டும். ஓட்டுநருக்குக் கூலி வேண்டும். வழியில் நோயுறும் பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும். இவை அனைத்துக்கும் முன்னதாகவே ஒருவர் பொறுப்பேற்றிருந்ததால்தான் அந்தப் பிள்ளைகள் எந்தக் கடத்தல்காரருக்கும் பணம் கொடுக்காமல், எந்த எல்லையிலும் ஒளியாமல் வந்தனர். கப்பல் கதையில் இந்தக் கணக்குப் புத்தகம் காணாமல் போய்விடுகிறது.

பாலாச்சடியில் சுமார் 60 கட்டடங்கள் எழுப்பப்பட்டன. அறுநூறுக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் அங்கே வாழ்ந்தனர். ஆயிரம் என்று எழுதுவோரும் உண்டு. அருள்பணியாளர் பிரான்சிசெக் புளூட்டா முகாமின் பொறுப்பாளராக இருந்தார். சிற்றாலயம், பள்ளி, மருத்துவமனை, சாரணர் இயக்கம் எல்லாம் அமைந்தன. சமஸ்தானக் கொடி பறக்கும் மண்ணில் போலந்துக் கொடி பறக்க அரசர் இசைந்தார். கிறிஸ்து பிறப்பு நாடகம் நடந்தபோது முன்வரிசையில் வந்து அமர்ந்தார். பிற்காலத்தில் சோமநாதர் ஆலயத் திருப்பணிக்கு முன்னின்று உதவியவரும் இவரே. தம் நம்பிக்கையில் ஊன்றி நின்றவர், பிறர் பிள்ளைகள் தங்கள் நம்பிக்கையில் வளர இடம் விட்டார். முகாமுக்கு முதன்முதலில் வந்தபோது, இனி நீங்கள் அநாதைகள் அல்ல, நவாநகர் மக்கள் எல்லாருக்கும் போல உங்களுக்கும் நானே தந்தை என்ற பொருளில் அவர் பேசியதைப் பிள்ளைகள் முதுமை வரை சொல்லி வந்தனர். குஜராத்தில் தந்தையை அழைக்கும் பாபு என்ற சொல்லாலேயே அவரை அழைத்தனர்.

அவர்கள் சொல்லிச் சிரிக்கும் இன்னொரு நிகழ்வும் உண்டு. முகாம் சமையலில் அடிக்கடி கீரை வந்தது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட மறுத்துவிட்டனர். செய்தி அரண்மனைக்குப் போனது. இனிக் கீரை சமைக்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது. சைபீரியாவில் காய்ந்த ரொட்டித் துண்டுக்கு ஏங்கிய பிள்ளைகள் கீரை வேண்டாம் என்று அடம்பிடிக்கும் அளவுக்கு அச்சம் நீங்கியிருந்தார்கள்.

அதே 1942ஆம் ஆண்டை நம் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அங்கே வாழ்ந்த இலட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினர். அவர்களில் தமிழர் ஏராளம். கப்பலிலும் விமானத்திலும் ஐரோப்பியருக்கே முதலிடம். மற்றவர்கள் அராக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் நடந்து கடந்தனர். பல்லாயிரம் பேர் வழியிலேயே மடிந்தனர். அடுத்த ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் வந்து முப்பது இலட்சம் பேர் வரை இறந்தனர் என்கிறார்கள். வெள்ளைத் தோல் கொண்ட பிள்ளைகளுக்கு லாரி கிடைத்தது, நம்மவருக்குக் காட்டுப்பாதை மட்டுமே கிடைத்தது என்று ஒருவர் கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபம் பாலாச்சடியின் மீது பாயத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். பர்மாச் சாலையில் ஒரு ஜாம் சாகிப் இல்லாமல் போனது பற்றியே அது எழ வேண்டும்.

1945இல் போர் முடிந்தது. பிள்ளைகளின் பிரச்சினை முடியவில்லை, உண்மையில் அப்போதுதான் கடினமான பகுதி தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் வல்லரசுகள் வார்சாவில் அமைந்த கம்யூனிஸ்டு அரசை ஏற்றுக்கொண்டன. இலண்டன் போலந்து அரசு அங்கீகாரத்தை இழந்தது. பிள்ளைகளின் பெயரில் பேசிய அரசே இல்லாமல் போயிற்று. போலந்துச் சிறார் போலந்துக்குத் திரும்ப வேண்டும் என்ற அழுத்தம் வந்தது. தாய் தந்தை உள்ளவர்களுக்காக அவர்களே பேசலாம். அநாதைகளுக்காக யார் பேசுவது? எந்த ஆட்சி அவர்களுடைய பெற்றோரைச் சரக்கு இரயிலில் ஏற்றியதோ, அதன் நிழலில் அமைந்த ஆட்சியிடம் அவர்களை ஒப்படைப்பதா?

அப்போது ஜாம் சாகிப், அருள்பணியாளர் புளூட்டா, ஆங்கிலேய அதிகாரி ஜெஃப்ரி கிளார்க் ஆகிய மூவரும் ஒன்று செய்தனர். நவாநகர் சமஸ்தானத்தின் சட்டப்படி அந்த அநாதைப் பிள்ளைகளைத் தத்தெடுத்தனர். ஓர் இந்து மன்னர், ஒரு கத்தோலிக்கக் குரு, ஓர் ஆங்கிலேய அதிகாரி. நீதிமன்றச் சான்று பெற்ற தத்து அது. இனி அவர்கள் எந்த அரசின் சொத்தும் அல்லர், தந்தையர் உள்ள பிள்ளைகள். விருப்பத்திற்கு எதிராக அவர்களை யாரும் அனுப்ப முடியாது. ரஞ்சித்சிங்ஜியிடமிருந்து ஒரு காலத்தில் பறிக்கப்பட்டு, திக்விஜய்சிங்ஜிக்குப் பின்னர் கிடைத்த அதே வகைத் தாள். மேடையில் ஒருவர் தம்மைத் தந்தை என்று சொல்லிக்கொள்வது எளிது. மூன்று ஆண்டுகள் கழித்து, அரசியல் காற்று மாறியபின், அதே சொல்லை நீதிமன்றத்தில் எழுதிக் கையெழுத்திடுவதற்கு வேறொரு துணிவு வேண்டும். அருள்பணியாளர் புளூட்டா அப்பிள்ளைகளில் ஒரு பகுதியினரைப் பின்னர் அமெரிக்காவிலிருந்த கத்தோலிக்க நிறுவனங்களில் கொண்டு சேர்த்தார். இதற்காக அன்றைய வார்சா அரசு அவரைப் பிள்ளை கடத்துபவர் என்று தூற்றியது.

1946இல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டது. பிள்ளைகள் கோலாப்பூர் அருகே வலிவடே என்ற இடத்திலிருந்த பெரிய போலந்து முகாமுக்குச் சென்றனர். அங்கே சுமார் 5,000 பேர் இருந்தனர். 1948க்குள் அவர்கள் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பிரிந்து சென்றனர். சிலர் உறவினரைத் தேடிப் போலந்துக்கே திரும்பினர்.

இதை எழுதும்போது நம் கடலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இராமேஸ்வரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையே ஒரு காலத்தில் கப்பல் ஓடியது. சீட்டு வாங்கி ஏறலாம். 1980களின் நடுவில், எந்த நேரத்தில் அது மிகத் தேவைப்பட்டதோ அந்த நேரத்தில், அது நின்றது. 1983க்குப் பின் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் இக்கரை வந்தனர். பெரும்பாலோர் வந்தது இரவுப் படகுகளில். தோட்டையும் தாலியையும் விற்றுப் படகுக்குக் கொடுத்தனர். தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, குடிநீரின்றி விடியும்வரை காத்திருந்தனர். படகு கவிழ்ந்து இறந்தவர்களும் உண்டு. கரையேறியவர்களுக்குத் தமிழகம் கூரையும் உதவித்தொகையும் கல்வியும் தந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். 2021இல் தமிழக அரசு 317 கோடி ரூபாய் ஒதுக்கிப் புதிய வீடுகள் அறிவித்தது, முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரும் மாற்றியது. ஆனால் தாள்? 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில்தான், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றமாகாது என்று மத்திய அரசு விலக்கு அளித்தது. அது குடியுரிமை அன்று. புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள முகாம்களில் பிறந்து, இங்கேயே படித்து, தமக்கும் பிள்ளைகள் பிறந்த பின்னும் அகதி என்றே பதிவேட்டில் இருப்போர் நம் பக்கத்து ஊரார்.

பயணத்திற்குப் பணம் திரட்டுவது அரசர்களால் மட்டுமே முடியும் என்பதும் இல்லை. கனடாவில் 1970களின் இறுதியிலிருந்து பங்குச் சமூகங்களும் நண்பர் குழுக்களும் கூடி, ஓர் அகதிக் குடும்பத்தின் ஓராண்டுச் செலவைத் தாங்கள் ஏற்பதாக எழுதிக் கொடுத்து, அவர்களை விசாவுடன் வரவழைத்திருக்கின்றன. வியட்நாமிலிருந்து படகில் தப்பியோர் பல்லாயிரம் பேர் அப்படி வந்தனர். இத்தாலியில் 2016 முதல் சான் எஜிதியோ குழுமமும் புராட்டஸ்டாண்டு சபைகளும் இணைந்து, அரசின் பணமின்றித் தங்கள் செலவிலேயே, லெபனானிலிருந்த சிரிய அகதிகளை விமானத்தில் அழைத்துவந்தன. அரசு தந்தது விசா மட்டுமே. அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் லெஸ்போஸ் தீவிலிருந்து திரும்பியபோது 12 சிரியர்களைத் தம் விமானத்திலேயே அழைத்து வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பன்னிரண்டு பேர்தானா என்று கேட்டவர்கள் இருந்தனர். அந்தப் பன்னிரண்டு பேரும் உரிய தாள்களுடன் வந்தனர்.

திக்விஜய்சிங்ஜியின் கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்வோம். விடுதலைக்குப் பின் நவாநகர் இந்தியாவுடன் இணைந்தது. கத்தியவார் சமஸ்தானங்கள் சேர்ந்து சௌராஷ்டிரா உருவானபோது அதன் ராஜபிரமுகராக 1948 முதல் 1956 வரை பணியாற்றினார். ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியக் குழுவிலும் இடம்பெற்றார். 1966 பிப்ரவரி 3ஆம் நாள் பம்பாயில் காலமானார். அப்போது அவருக்கு வயது 70. போலந்து அன்று இருந்த ஆட்சியில் சைபீரியா பற்றிப் பேசுவதே கடினம் என்பதால், அந்நாட்டில் அவர் பெயர் வெளிப்படையாக ஒலிக்கவில்லை. பாலாச்சடி முகாம் இருந்த இடத்தில் இன்று சைனிக் பள்ளி நடக்கிறது. முகாமில் வளர்ந்தோர் நரைத்த தலையுடன் அங்கே வந்து, தாங்கள் ஓடி விளையாடிய இடத்தைத் தேடிப் பார்த்துச் சென்றிருக்கிறார்கள்.

ஆட்சி மாறியபின் வார்சா அவரை நினைத்தது. நல்ல மகாராஜா சதுக்கம் என்று ஒரு பூங்காவுக்குப் பெயரிட்டு, 2014இல் அங்கே நினைவுச்சின்னம் திறந்தது. 2024 ஆகஸ்டில் இந்தியப் பிரதமர் அங்கே மலர்வளையம் வைத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2022 பிப்ரவரி இறுதியில், உக்ரைனில் போர் மூண்டு நம் மாணவர்கள் எல்லைக்கு ஓடியபோது, இந்திய மாணவர்களை விசா இல்லாமலே உள்ளே விடுவதாகப் போலந்து அறிவித்தது. அவர்களில் தமிழகத்தின் மருத்துவ மாணவர்களும் இருந்தனர். அவர்களுடைய பயணச் செலவைத் தமிழக அரசு ஏற்றது. இதே போலந்துதான் 2021 முதல் பெலாரஸ் எல்லைக் காட்டில் மேற்காசிய அகதிகளைக் குளிரில் தடுத்து நிறுத்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே நாட்டில் இரண்டு வகைச் சாவடிகளும் இருக்கின்றன.

வார்சாவின் பெட்னார்ஸ்கா பள்ளி ஜாம் சாகிபைத் தன் பாதுகாவலராக ஏற்றுள்ளது. வேறு நாடுகளிலிருந்து தப்பி வந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அந்தப் பள்ளி இடம் தந்திருக்கிறது.